ரூஃப் டென்ட் செய்யக் கொடுத்து 38,500 ரூபாய் போச்சு: வட சென்னைக்காரங்க தயவுசெய்து படிங்க

கார் கூரை மேல மாட்டி, விரிச்சுப் படுக்கிற டென்ட் ஒண்ணு செய்யக் கொடுத்திருந்தேன். நேத்து சாயங்காலம் பழைய இரும்புக் கடைத் தராசுல அதைத் தூக்கி வெச்சப்போதான் முழு உண்மையும் தெரிஞ்சுது. பேசினது 55 கிலோ. தராசு காட்டினது 78 கிலோ. இதுக்குக் கொடுத்த பணம் 38,500 ரூபாய். அட்வான்ஸ் 15,000, "மெட்டீரியல் எடுக்கணும் சார்"னு கேட்டப்போ 20,000, டெலிவரி அன்னிக்கு 3,500. கையில பில் கிடையாது.

கடை பேர் போடல. மாதவரம், மூலக்கடை பக்கம் லாரித் தார்ப்பாய் தைக்கிற, கூடவே வெல்டிங்கும் பண்ற பட்டறைகள் நிறைய இருக்கு. அதுல ஒண்ணு. கார் மேல டென்ட் கட்டித் தரோம்னு சொல்ற இடம் எதுவா இருந்தாலும் கீழே எழுதினதைப் பார்த்துட்டுப் பணத்தை எடுங்க. கடைசியில முழுசா எப்படிச் செய்யணும்னும் எழுதுறேன்.

முதல்ல பேசின கணக்கு. 8-க்கு 4 அடி 12 எம்எம் மரைன் பிளைவுட் (தண்ணி தாங்குற ரகம்) ஒண்ணு, நடுவுல அறுத்தா 4-க்கு 4 ரெண்டு பலகை. மூடினா கார் மேல 4-க்கு 4, விரிச்சா 8-க்கு 4, ரெண்டு பேர் தாராளமாப் படுக்கலாம். பலகை சுமார் 25 கிலோ. அடியில 25 எம்எம் அலுமினிய ஸ்கொயர் பைப், 1.6 எம்எம் கனம், மொத்தம் 14.4 மீட்டர். மீட்டருக்கு 400 கிராம் வீதம் 6 கிலோவுக்குள்ள முடிஞ்சுடும். துணி, வளைவுக் கம்பி, மெத்தை, ஏணி, கீல், மேல் உறை எல்லாம் சேர்த்து 55. ஒரு தாள்ல எழுதிக் காட்டினப்போ பட்டறைக்காரர் தலையாட்டிக்கிட்டே கேட்டார். "கரெக்டா சொல்றீங்க சார், இந்தக் கணக்குலயே பண்ணிடலாம்"னார்.

நம்பின இடம் எதுன்னா, துணி. 320 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 320 கிராம்) பாலிகாட்டன், அதாவது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த கேன்வாஸ் ஒரு துண்டை எடுத்து ரெண்டு கையிலயும் குழி மாதிரி பிடிச்சு, பையனை விட்டு டீ கிளாஸ் நிறைய தண்ணி ஊத்தச் சொன்னார். ரெண்டு நிமிஷம். அடியில ஒரு சொட்டு வரல. "தொட்டுப் பாருங்க சார், ஈரம் இருக்குதா? இதே துணிதான் உங்களுக்கு." அந்தத் துண்டைக் கையிலயும் கொடுத்துட்டார். அந்த இடத்துலயே 15,000 எண்ணிக் கொடுத்தாச்சு. ஒரு கிளாஸ் தண்ணி ரெண்டு நிமிஷம் நிக்கிறது எதையுமே நிரூபிக்காது. மெழுகோ சிலிக்கானோ பூசின சாதாத் துணியும் அவ்வளவு தாங்கும். ஐப்பசி கார்த்திகை மழை காத்தோட சேர்ந்து ராத்திரி முழுக்க அடிக்கும்போது துணி மேல விழுற அழுத்தம் வேற. உள்ளே படுத்திருக்கிறவர் முதுகு துணியில உரசினா அது இன்னும் வேற.

வந்து சேர்ந்ததைச் சொல்றேன். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா போதும். துணியில 10-க்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி எடை போட்டு 100-ஆல பெருக்கினா அதுதான் ஜிஎஸ்எம். மாதிரித் துண்டு 3.2 கிராம், அதாவது 320. டென்ட் ஓரத்து மடிப்புல இருந்து வெட்டினது 1.9 கிராம். 190 ஜிஎஸ்எம். நூல் ஒண்ணை உருவித் தீயில காட்டினா பருத்தி காகிதம் எரியிற வாசனையோட சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாத் திரளும். பாலிகாட்டன்ல ரெண்டும் கலந்து இருக்கும். இங்க மணி மட்டும்தான்.

ஃபிரேம்ல காந்தம் வெச்சா கச்சுனு ஒட்டுது. அலுமினியம்னு பேசினது சில்வர் பெயின்ட் அடிச்ச எம்எஸ், அதாவது சாதா இரும்பு பைப். அதே 25 எம்எம், அதே கனம், ஆனா மீட்டருக்கு 1.18 கிலோ. ஃபிரேம்லயே 11 கிலோ கூடிப் போச்சு. ஏணியும் வளைவுக் கம்பியும் இரும்பு, அதுல இன்னொரு 12. வண்டிக் கையேட்டுல கூரைச் சுமை 75 கிலோதான். டென்டைத் தாங்குற கேரியர் கம்பி 6 கிலோவும் அந்த 75-க்குள்ள சேரணும். இப்போ மொத்தம் 84. இது ஓடுற வண்டிக்கான கணக்கு. நிறுத்தி வெச்ச வண்டி மேல ரெண்டு பேர் படுத்தா கூரை தாங்கும், ஏன்னா குலுங்கலும் திருப்பமும் கிடையாது, வெளியே நீட்டின பாதித் தளத்தோட எடையில ஒரு பங்கை ஏணியும் வாங்கிக்கும். ஓடும்போதுதான் ஆபத்து. எண்ணூர் விரைவுச் சாலையில கன்டெய்னர் லாரிக்குப் பின்னால போய்ப் பள்ளத்துல ஒரு தடவை விழுந்தா அந்த எடை அப்படியே கிளாம்ப்புல அடிக்கும். திருப்பத்துல வண்டி ஒரு பக்கமாச் சாயும்.

தையலைப் பார்த்தா இன்னும் ஆத்திரம் வருது. உச்சியில, மழை நேரா விழுற இடத்துல ஒத்தைத் தையல். ஓட்டு வீட்டுல மேல் ஓடு கீழ் ஓட்டு மேல படியிற மாதிரி, மேல் துணி கீழ் துணி மேல படிஞ்சு, மடிச்சு, இரட்டைத் தையல் போடணும். உச்சியில தையலே வரக்கூடாது. ஓஸ் பைப்ல அரை மணி நேரம் தண்ணி அடிச்சதும் ஊசி ஓட்டை ஒவ்வொண்ணுலயும் வரிசையா முத்து முத்தாத் தண்ணி கோத்து நின்னுது. மெத்தை நனைஞ்சு, பலகை ஓரம் ஒரே வாரத்துல உப்பிடுச்சு. மரைன்னு பேசின பிளைவுட் கமர்ஷியல் எம்ஆர், ஈரப்பதம் மட்டும் தாங்குற வீட்டு உபயோக ரகம். மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை பலகையில எங்கேயும் இல்ல.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் வயித்தெரிச்சல். முதல் தடவை போனப்போ, "புதுத் துணி அப்படித்தான் சார், ரெண்டு மழையில நனைஞ்சா நூல் ஊறி ஓட்டை அடைச்சுக்கும்"னார். இது பருத்தி கேன்வாஸுக்கு உண்மை. நனைச்சுக் காயவெச்சா நூல் பருத்து ஓட்டை அடையும். பாலியஸ்டர் ஊறவே ஊறாது. தெரிஞ்சவர் வாயில இருந்து வந்த பொய் அது. ரெண்டாவது தடவை, "பிளைவுட் கடைக்காரன் மாத்திக் கொடுத்துட்டான், நான் இன்னா பண்றது?" மூணாவது தடவை பையன் மட்டும், "மொதலாளி திருவொற்றியூர் போயிருக்காரு, ஈவினிங் வாங்க." ஈவினிங் ஷட்டர் மூடியிருக்கு. அதுக்கப்புறம் போனை எடுக்கல. கடைசியா நேர்ல பிடிச்சப்போ கேட்டது ஒரே கேள்வி: "பில்லு வெச்சுருக்கியா?" 38,500 ரூபாய் வாங்கும்போது சார், பில் கேட்கும்போது நீ.

முழு செய்முறை எழுதுறேன்னு சொன்னேன். இப்போ கை ஓடல. முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன்.

ஃபிரேமையும் துணியையும் ஒரே இடத்துல கொடுக்காதீங்க. பைப்பையும் பிளைவுட்டையும் நீங்களே வாங்கிக் கொடுத்துட்டு, கூலி மட்டும் பேசுங்க. பிளைவுட்டுல ஒரு துண்டு வெட்டி நாலு மணி நேரம் தண்ணியில கொதிக்க வைங்க. கமர்ஷியல்னா இதழ் இதழாப் பிரியும்.

அலுமினியத்தை "வெல்டிங் பண்ணித் தரேன்"னா வேண்டாம்னு சொல்லுங்க. 6063-ங்கிற அலுமினிய ரகப் பைப்ல வெல்டிங் வெச்ச இடத்தைச் சுத்தி பலம் பாதிக்குப் பக்கமாக் குறைஞ்சுடும், குலுங்கிக் குலுங்கி அங்கேயே விரியும். மூலைக்கு 3 எம்எம் அலுமினியத் தட்டு வெச்சு ரிவெட்டோ போல்ட்டோ போடுங்க. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் அலுமினியத்தைத் தொடுற இடத்துல நைலான் வாஷர் கட்டாயம். காசிமேடு, எண்ணூர் உப்புக் காத்துல ரெண்டும் நேரா உரசினா அலுமினியம் வெள்ளை வெள்ளையாப் பூத்து அரிச்சுடும்.

கீல் எஸ்எஸ்ல 304 ரகம் வேணும். இதுக்குக் காந்தத்தை நம்பாதீங்க, மட்டமான 202-லயும் காந்தம் ஒட்டாது. இரும்பு வியாபாரிங்க வெச்சிருக்கிற சோதனைச் சொட்டு மருந்து ஒரு சொட்டு விட்டா 202 சிவக்கும்.

துணியைச் சோதிக்க 4 இன்ச் பிவிசி பைப் ஒரு மீட்டர் எடுத்து, அடி வாயில துணியை இறுக்கக் கட்டி, நிறையத் தண்ணி ஊத்தி ஒரு மணி நேரம் தொங்க விடுங்க. லாரித் தார்ப்பாயில பண்ணித் தரேன்னாலும் ஒத்துக்காதீங்க. மழை உள்ளே வராது, மூச்சுக் காத்தும் வெளியே போகாது, விடியும்போது உள்பக்கம் பூராச் சொட்டும்.

கேரியருக்காகக் கூரையில துளை போட விடாதீங்க. கர்ட்டன் ஏர்பேக் (மோதினா பக்கக் கண்ணாடி ஓரமா விரியிற காத்துப் பை) இருக்கிற வண்டியில அது கூரை ஓரமாத்தான் மடிச்சு வெச்சிருக்கும். கிளாம்ப் போல்ட்டுக்கெல்லாம் நைலாக் நட் (தானாக் கழலாம இருக்க உள்ளே நைலான் வளையம் வெச்ச நட்) போடுங்க. முதல் 50 கிலோமீட்டர்ல நிறுத்தி மறுபடி முறுக்குங்க.

பணம் ஜிபேல போடுங்க, குறிப்புல "டென்ட் அட்வான்ஸ், அலுமினியம், 320 ஜிஎஸ்எம்"னு எழுதுங்க. மாதிரித் துண்டுல கடைக்காரர் கையெழுத்து வாங்கி நீங்களே வெச்சுக்கங்க. நான் கொடுத்ததுல 20,000 மட்டும்தான் அப்படிப் போச்சு, மீதி 18,500 ரொக்கம். இன்னிக்குக் காலையில தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிச்சுப் புகார் பதிஞ்சாச்சு. அடுத்தது வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். இதே மாதிரி பட்டறையில யாராவது இப்போ அட்வான்ஸ் கொடுத்திருந்தா, துணி வெட்டுறதுக்கு முன்னாடி இன்னிக்கே காந்தமும் தராசும் எடுத்துட்டுப் போங்க.