மாவு மில் தொட்டிக்கு வாங்கிய காந்தச் சட்டம்: மூன்று மாதம் கழித்து

கோதுமையோடு வரும் இரும்பைப் பிடிக்கத்தான் இந்தக் காந்தக் கம்பிச் சட்டம். முதல் வாரம் முடிந்து அதைத் தொட்டியிலிருந்து தூக்கியபோது கம்பிகளுக்கு மீசை முளைத்திருந்தது. வளையம் வளையமாக இரும்புத்தூள். அதற்குள் ஒரு ஆணித்தலை, இரண்டு ஸ்டேப்ளர் பின், கோணி ஊசியின் உடைந்த முனை. எல்லாவற்றையும் வழித்துத் தராசில் போட்டேன், 14 கிராம். தாராவி 90 அடி சாலைப் பக்கம் பத்தொன்பது வருடமாக மாவு மில் நடத்துகிறேன். இத்தனை நாள் இவையெல்லாம் எங்கே போயின என்று யோசிக்க எனக்கே விருப்பமில்லை. பழைய கறுப்புக் காந்தம் ஒன்று தொட்டி வாயில் இருந்தது உண்மைதான். அது ஆணியைப் பிடிக்கும், தூளை விட்டுவிடும்.

வாங்கிய இடம் நாக்தேவி தெருவில் ஒரு கடை. குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். மூன்று கம்பிகளைக் குறுக்கே பொருத்திய சட்டம் 5,800 ரூபாய். ஒவ்வொரு கம்பியும் ஓரங்குலப் பருமன், ஒரு அடி நீளம். கல்லாவில் இருந்தவர் "12,000 காஸ்" என்று அடித்துச் சொன்னார். காஸ் என்பது காந்தப் பலத்தை அளக்கும் அலகு. உள்ளே வேலை பார்க்கும் தம்பி நாங்குநேரிக்காரர். என் பேச்சைக் கேட்டதும் "அண்ணாச்சி, நம்பாதீர்கள், அளந்தே காட்டுகிறேன்" என்று மீட்டரை எடுத்துவந்தார். கம்பியின் மேல் வைத்தால் 9,400. ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தால் 1,500கூட இல்லை. வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். காந்தத்தின் பலமெல்லாம் ஒட்டிய இடத்தில்தான், கொஞ்சம் விலகினால் மளமளவென்று இறங்கிவிடும். கோதுமை கம்பியை உரசிக்கொண்டு விழுந்தால்தான் பயன். தொட்டியின் அடைப்புப் பலகையை முழுக்கத் திறந்து கொட்டினால் 12,000 காஸ் இருந்தும் லாபமில்லை.

9,400 என்பது எவ்வளவு பெரிது என்றால், பூமியின் காந்தம் மும்பையில் அரை காஸுக்கும் குறைவு. அந்த அரை காஸ் கெட்டுவிடக் கூடாது என்றுதான் ஒரு ஆய்வகத்தையே இந்த ஊரிலிருந்து கிளப்பினார்கள். கொலாபாவில் நடந்துவந்த காந்த அளவீடு, மின்சார டிராம் வரப் போகிறது என்றதும் 1904-ல் மும்பைக்குத் தெற்கே உள்ள அலிபாகுக்குப் போனது. கம்பியில் மின்சாரம் ஓடினால் சுற்றிலும் காந்தம் உண்டாகும். டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டட் 1820-ல் திசைகாட்டி முள் துள்ளியதைப் பார்த்துக் கண்டுகொண்டது அதுதான். என் மில்லின் பத்துக் குதிரைசக்தி மோட்டார் சுற்றுவதும் அதனால்தான்.

சட்டத்தின் கம்பிக்குள் இருப்பது நியோடிமியம் என்ற உலோகம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அதே சமயம் அமெரிக்காவில் வேறொரு குழுவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. நாங்குநேரித் தம்பி உடைந்த கம்பி ஒன்றைப் பிளந்து காட்டினார். வில்லை வில்லையாகக் காந்தம், நடுநடுவே மெல்லிய இரும்புத் தட்டு. வடமுனைக்கு நேரே வடமுனை, தென்முனைக்கு நேரே தென்முனை. ஒன்றையொன்று தள்ளுகிறவற்றை வலுக்கட்டாயமாக நெருக்கி அடைத்திருக்கிறார்கள். உள்ளே போக வழியில்லாத காந்தப் புலம் இரும்புத் தட்டு வழியாக வெளியே பீறிடுகிறது. மீசை வளையம் வளையமாக நிற்பதன் காரணம் இதுதான். பெரிய குடும்பத்தை ஒற்றை அறையில் வைத்திருப்பவனுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும்.

இனி குறைகள். சுத்தம் செய்வது பெரும் பாடு. துணியால் துடைத்தால் தூள் இடம் மாறி அடுத்த வளையத்தில் ஒட்டுகிறது. கையுறை போட்டு நுனிவரை தள்ளிக்கொண்டே போக வேண்டும், மூன்று கம்பிக்கும் இருபத்தைந்து நிமிடம். மேலுறையிலிருந்து காந்தத்தை உருவி எடுக்கிற வகையும் அங்கே இருந்தது. உருவினால் தூள் தானாகக் கொட்டிவிடும். 1,500 ரூபாய் கூடுதல் என்று விட்டேன், என் கஞ்சத்தனம். நீங்கள் அதையே வாங்குங்கள்.

சட்டத்தைக் கோதுமை விழும் இடத்தில் வையுங்கள், மாவு வரும் இடத்தில் வேண்டாம். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும், இழந்தது தானாகத் திரும்பாது. கல்லை விட்டு வரும் மாவின் சூட்டோடு ஏன் விளையாட வேண்டும்? இதைக் கல்லாக்காரர் சொல்லவில்லை, தம்பிதான் சொன்னார்.

எல்லாவற்றையும் பிடிக்கும் என்றும் நினைக்காதீர்கள். போன மாதம் சல்லடையிலிருந்து அறுந்த கம்பித் துண்டு ஒன்று தப்பி ஒரு வாடிக்கையாளரின் மாவில் போய்விட்டது, நல்ல ஏச்சு. நிக்கல் சேர்ந்த எவர்சில்வர் அது, காந்தம் சீண்டாது. இந்தக் கம்பிகளின் மேலுறையே அந்த எவர்சில்வர்தான், அதனால்தான் உள்ளிருக்கும் பலம் தடைபடாமல் வெளியே வருகிறது. பித்தளை, அலுமினியம், கல் எதுவும் இதற்கு அகப்படாது. சல்லடையைத் தினமும் பாருங்கள்.

எங்கள் மில்லில் வடாபாவ் கடைகளுக்குப் பூண்டு மிளகாய்ப் பொடியும் அரைக்கிறோம். பூண்டு பட்டால் காந்தம் செத்துவிடும் என்று ஒரு பெரியவர் பயமுறுத்தினார். இது பழங்காலத்து நம்பிக்கை. பூமியே ஒரு காந்தம் என்று 1600-ல் எழுதிய லண்டன் மருத்துவர் வில்லியம் கில்பர்ட் அப்போதே இதைத் தள்ளுபடி செய்துவிட்டார். ஆனாலும் அரைக்கிறவன் நான் அல்லவா, ஒரு கம்பியில் பூண்டு விழுதைப் பூசி ஒரு இரவு வைத்தேன். காலையில் நாற்றம் மட்டும்தான் கூடியிருந்தது, ஆணி பழையபடி ஒட்டியது.

கடைமேல் எனக்கு உண்மையான கோபம் ஒன்றில்தான். பெட்டியில் எச்சரிக்கைச் சீட்டு எதுவும் இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதன் அருகில் வரக்கூடாது. மில்லுக்கு அப்படி ஒரு ஐயா வருகிறார், இப்போது அவரை வாசலோடு நிறுத்தி நானே டப்பாவை வாங்கிக்கொள்கிறேன். கம்பியைச் சுத்தம் செய்யும்போது கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். அப்பாவின் சாவி கொடுக்கும் கடிகாரம் மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு இருபது நிமிடம் முந்தி ஓடியது. உள்ளே இருக்கும் மெல்லிய சுருள்வில் காந்தம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாம். மாட்டுங்காவில் ஒரு கடிகாரக்காரர் மின்சாரம் ஓடும் சுருள் ஒன்றுக்குள் அதை நுழைத்து, மிக மெதுவாக வெளியே இழுத்தார், சரியாகிவிட்டது. சட்டத்தின் விலை 5,800 என்று சொன்னேன் அல்லவா, அவருக்குக் கொடுத்த 250-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.