சூரியனுக்கு நேராகக் கேமராவை நீட்டினால்: டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா, மொபைலா?

கன்னியாகுமரிக் கடற்கரையில் விடிகாலையில் இந்த மூன்றையும் ஒரே கூட்டத்தில் பார்க்கலாம். சூரியன் செக்கச் செவேலென்று எட்டிப்பார்க்கும் முதல் சில நிமிடங்களில் எதை நீட்டினாலும் பெரிய வித்தியாசமில்லை. அது வெளுத்து, கண் கூச ஆரம்பித்த பிறகுதான் விஷயமே.

டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில், எனக்கு இருக்கும் பயம் கண்ணைப் பற்றியது. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரிவது திரையில் காட்டும் படம் அல்ல. லென்ஸ் திரட்டிய அசல் வெயில், கண்ணாடியில் பட்டுத் திரும்பி நேராக விழிக்குள் வருகிறது. 'லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப்/16 வைத்திருக்கிறேனே, வெளிச்சம் குறைவாகத்தானே வரும்' என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. ஷட்டரை அழுத்தும் நொடி வரை அந்தத் துளை, அதாவது அபர்ச்சர், முழுதாகத் திறந்தே இருக்கும். படம் பதியும்போதுதான் சுருங்கும். விழித்திரை கருகினாலும் வலிக்காது என்பதால் அப்போதைக்கு எதுவுமே தெரியாது.

அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் கண் தப்பிவிடும், பார்ப்பது ஒரு குட்டித் திரையைத்தான். ஆனால் அடி, படத்தைப் பதியும் சென்சாருக்கு. கேமரா ஓடும் நேரமெல்லாம் அது வெயிலைப் பார்த்தபடி இருக்கிறது. (டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூ போட்டு, பின்பக்கத் திரையில் பார்த்தாலும் இதே கதைதான்.) 24 மி.மீ. எஃப்/2.8 அகல லென்ஸைவிட, தூரத்தை இழுத்துக் காட்டும் 400 மி.மீ. எஃப்/5.6 டெலி லென்ஸ் ஏறக்குறைய 70 மடங்கு வெயிலை உள்ளே வாங்கும். பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். அகல லென்ஸில் சட்டென்று எடுத்துவிட்டு மூடியைப் போட்டால் பொதுவாகப் பாதகமில்லை. டெலி லென்ஸை ட்ரைபாடில் மாட்டிச் சூரியனைப் பார்க்க விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

மொபைலின் லென்ஸ் மிகச் சிறியது, ஆகவே ஆபத்தும் குறைவு. படத்தில் சூரியனும் ஒரு புள்ளியாகத்தான் விழும்.

அழகு என்று பார்த்தால், எஃப்/16-இல் சூரியனைச் சுற்றி விரியும் கதிர்கள் டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் இரண்டிலும் ஒன்றுபோலவே வரும். அது லென்ஸின் வேலை: அபர்ச்சர் இதழ் 8 என்றால் 8 கதிர், 7 என்றால் 14. எவ்வளவு வெளுத்துப்போகிறது என்பதை எடுக்கும் முன்பே காட்டுவதால் என் ஓட்டு மிரர்லெஸ்ஸுக்கு.

சரி, ஃபில்டர்? என்டி1000 என்ற கறுப்பு ஃபில்டர் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். கண்ணுக்குப் பாதுகாப்பான சோலார் ஃபில்டர் லட்சத்தில் ஒரு பங்காக்கும், அகச்சிவப்பையும் தடுக்கும். சூரியன் மேலே ஏறிய பின் டெலி லென்ஸுக்கு இரண்டாவதுதான், அதுவும் லென்ஸின் முன்னால். கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு வியூஃபைண்டருக்குள் பார்ப்பது கூடவே கூடாது; லென்ஸ் குவித்த வெயில் அதையும் பொசுக்கிவிடும்.

2019 டிசம்பர் 26 அன்று கோவையிலும் திண்டுக்கல்லிலும் தெரிந்ததுபோன்ற வளையச் சூரிய கிரகணத்தில் சூரியனின் விளிம்பு மறையாமல் எரிந்துகொண்டே இருப்பதால் ஒரு நொடிகூட ஃபில்டரைக் கழற்ற முடியாது. எகிப்தின் லக்சாரில் 2027 ஆகஸ்ட் 2 அன்று வரப்போவது முழு கிரகணம். சூரியன் முற்றிலும் மறைந்த அந்த 6 நிமிடச் சொச்சத்துக்கு மட்டும் கழற்றலாம். மதுரைக்காரர்களுக்கு 2031 மே 21-இல் மறுபடி வளையம் உண்டு. பழைய ஃபில்டர் தாள் வைத்திருந்தால், அதற்கு முன் ஒரு பிரகாசமான விளக்கின் எதிரே பிடித்து ஊசித்துளை ஏதும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் புதிது வாங்கிவிடுங்கள்.