வீட்டுக் கணக்குக்கு ஓ.ஈ.ஐ.எஸ்.: ஒரு டியூஷன் டீச்சரின் அனுபவம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் பதினொரு வருடமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை. போனில் படம் எடுத்தால் விடை தரும் செயலிகள் வந்த பிறகு, பாதிப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுத்தான் மாடி ஏறுகிறார்கள். ஆனால் எப்படி வந்தது என்று கேட்டால் முழிக்கிறார்கள். அப்படிப்பட்ட செயலி ஒன்றுக்கு நானும் ஒரு வருடச் சந்தா கட்டிப் பார்த்தேன். பெயர் வேண்டாம். இங்கே சொல்லப்போவது அதற்குப் பதிலாக எனக்குக் கிடைத்த ஓ.ஈ.ஐ.எஸ். (OEIS) என்கிற இணையதளத்தைப் பற்றி.

வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோடு போட்டு இணைத்தால் வட்டம் எத்தனை துண்டாகும்? ஒரு புள்ளிக்கு 1, பிறகு 2, 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு? செயலி 32 என்றது. பத்தாம் வகுப்புப் பையன் அதையே எழுதிக்கொண்டு வந்தான். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி பெரிதாக வரைந்து எண்ணச் சொன்னேன். மூன்று முறை எண்ணினான். “ஒண்ணு குறையுது மிஸ்” என்றான். குறையத்தான் செய்யும். சரியான விடை 31.

அன்று ராத்திரி தேடியபோது கிடைத்ததுதான் இந்த ஓ.ஈ.ஐ.எஸ். தளம். தமிழில் சொன்னால் முழு எண் தொடர்வரிசைகளின் கலைக்களஞ்சியம். தெரிந்த எண்களைக் கமா போட்டு அடித்தால், அந்த வரிசை வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். 1964-இல் நீல் ஸ்லோன் என்பவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது தன் சொந்தத் தேவைக்காகச் சேர்க்க ஆரம்பித்தது. 1973-இல் 2,372 தொடர்வரிசைகளோடு புத்தகமாக வந்து, 1996-இல் இணையத்துக்கு ஏறியது. இப்போது 3,50,000-க்கும் மேல். கட்டணம் கிடையாது. தேடிப் பார்க்கப் பதிவு செய்யவும் வேண்டாம்.

1, 2, 4, 8, 16 என்று அடித்தால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். சரி, 31-ஐயும் சேர்த்து அடித்தாலும் ஒரே விடை வராது. நம் வட்டக் கணக்கில் 31-க்கு அடுத்தது 57. முந்தைய ஐந்து எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் இன்னொரு வரிசையும் 1, 2, 4, 8, 16, 31 என்றே வந்து, 61-க்குப் போய்விடுகிறது. மறுநாள் இதைப் பையனிடம் காட்டினேன். ஏழு புள்ளி போட்டு வரைய ஆரம்பித்துவிட்டான். விடையைக் கையில் கொடுத்திருந்தால் அந்த ஏழாவது புள்ளியை அவன் வைத்திருக்கவே மாட்டான்.

இந்தத் தளத்தை நான் மனதார நேசிக்கக் காரணம் வேறு ஒரு பெண். ஏழாம் வகுப்பு. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். ஒரு நாள் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தானாக ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டுவது. 15 என்றால் 15 + 1 + 5 = 21. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் சில எண்கள் வரவே மாட்டேன் என்கின்றன. 19 வருகிறது, 14-இலிருந்து. 21 வருகிறது. 20 மட்டும் எதிலிருந்தும் வரவில்லை. அப்படி வராத எண்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தாள்: 1, 3, 5, 7, 9, 20, 31, 42, 53.

“ஒன்பதுக்கு அப்புறம் பதினொண்ணு பதினொண்ணாத்தான் ஏறுது மிஸ்” என்றாள். 64, 75, 86, 97, 108 வரை அவள் சொன்னது அப்படியே நடந்தது. அடுத்தது 119 என்று எழுதினாள். ஆனால் 109-ஐ எடுத்தால் 109 + 1 + 0 + 9 = 119. வந்துவிட்டதே! வராமல் நிற்பது 110. மூன்று இலக்கத்துக்குள் நுழைந்ததும் அவளுடைய பதினொன்று உடைந்துவிட்டது. முகம் வாடிவிட்டது.

அப்போதுதான் அந்த எண்களை ஓ.ஈ.ஐ.எஸ்.-இல் அடித்தோம். முதலில் வந்த பக்கத்தின் எண் ஏ003052. அவள் நோட்டில் இருந்த அதே வரிசை, 108-க்கு அடுத்து 110 உட்பட. 1949-இல் இதைப் பற்றி எழுதியவர் டி. ஆர். கப்ரேகர், நாசிக் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியார். பட்டப்படிப்புக்கு மேல் எதுவும் படிக்காமல், வேலை நேரம் போக எண்களோடு வாழ்ந்தவர். பிறகு, கொலம்பியாக்காரரான பெர்னார்டோ ரெக்காமன் இதே கேள்வியை 1970-களில் கேட்டிருக்கிறார். அதனால் கொலம்பிய எண்கள் என்றும் ஒரு பெயர். தேவ்லாலியில் ஒரு வாத்தியார், கொலம்பியாக்காரர் ஒருவர், ஸ்ரீரங்கத்து மாடியில் ஒரு சின்னப் பெண். “அவரும் இதையே யோசிச்சாரா மிஸ்?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

இவற்றில் பகா எண்கள் மட்டும் தனி வரிசையாகவே இருக்கின்றன: 3, 5, 7, 31, 53, 97, 211. ஒரு தொடர்வரிசையின் பக்கத்தில் அதன் உறவுக்கார வரிசைகளுக்கு இப்படி வழி போட்டிருப்பார்கள். ஒன்றைத் திறந்தால் இன்னொன்று. பகா எண்களுக்கே உரிய பக்கம் ஏ000040. அங்கே நுழைந்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. வரிசையை வரைபடமாகவும் பார்க்கலாம், இசைக்குறிப்பாக மாற்றிக் கேட்கவும் செய்யலாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கிறது.

குறைகளும் உண்டு. விளக்கங்கள் ஆங்கிலத்தில், அதுவும் கணக்குக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சுருக்க ஆங்கிலத்தில். தமிழ் வழிப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்தால் தலைப்பைத் தாண்டமாட்டாள், பக்கத்தில் ஒருவர் வேண்டும். போன் திரையில் எழுத்து பொடியாகத் தெரிகிறது. ஏன் என்கிற கேள்விக்குப் பல பக்கங்களில் வெறும் சூத்திரம்தான் பதில். பத்தாம் வகுப்புக் கூட்டுத் தொடர்வரிசைக்கோ, நாளைக் காலைப் பரீட்சைக்கோ இது உதவாது. அதற்குப் பாடப்புத்தகம் போதும். ஐந்துக்கு நாலரை தருவேன். அரை மதிப்பெண் அந்தப் பொடி எழுத்துக்காக.

அந்தச் செயலியின் சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை. அந்தப் பெண் இப்போது இலக்கங்களுக்குப் பதிலாக இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். 1, 3, 4, 5, 7, 8, 9, 10 எதிலிருந்தும் வரவில்லை. அதற்கடுத்து 14. நூறு வரை தானே போட்டு முடிக்கும்வரை அதைத் தளத்தில் அடித்துப் பார்க்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.