காபன் வெளியிலா, உள்ளேயா? மலையக அரங்குகளுக்கான பிளேட் தெரிவு

மேசைப்பந்தாட்டத்தில், கொழும்பில் மேசைக்குள் விழும் டொப்ஸ்பின் (முன்சுழற்சி கொடுத்த அடி) நுவரெலியாவில் விளிம்பைத் தாண்டிப் போனால் கையைக் குறை சொல்லிப் பயனில்லை. 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. 2.7 கிராம் பந்து அந்தக் காற்றில் வேகத்தை அவ்வளவாக இழக்காது. சுழற்சியால் வளைந்து இறங்குவதும் குறையும். ஆகவே இங்கே பிளேட், அதாவது ரப்பர் ஒட்டாத மட்டைப்பலகை, வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, பந்து எவ்வளவு வளைந்து போகிறது என்பதை.

பலரும் தடுமாறுவது பட்டர்பிளை என்ற ஜப்பானிய நிறுவனத்தின் இரண்டு பிளேட்டுகளுக்கு இடையில்: விஸ்காரியா, இன்னர்போர்ஸ் லேயர் ஏஎல்சி. இரண்டிலும் ஐந்து மரப்படை, இரண்டு ஆரிலேட்-காபன் படை (ஆரிலேட், காபன் இழைகளைச் சேர்த்து நெய்தது; ஏஎல்சி என்பது இதைத்தான்). வித்தியாசம் காபன் இருக்கும் இடத்தில். பிளேட்டின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விஸ்காரியாவில் இழைக்கோடு மேல்மரத்துக்கு நேர் கீழே ஓடும். இன்னர்போர்ஸில் நடுமரத்தை ஒட்டி இருக்கும். விதிப்படி தடிப்பில் 85 சதவீதமாவது மரமாக இருக்க வேண்டும் என்பதால், பந்து முதலில் எந்த மரத்தை உணர்கிறது என்பது பெரிய விஷயம்.

விஸ்காரியா 5.8 மில்லிமீற்றர். மேலே கடினமான கொட்டோ மரம், அதன் அடியிலேயே காபன். மெதுவான அடியிலும் பந்து சட்டென்று கிளம்பும். மேசையோரம் நின்று புளொக் செய்பவருக்கும் (வரும் பந்தை மட்டையால் தடுத்துத் திருப்புபவர்), எதிராளியின் வேகத்தை அப்படியே திருப்பி அடிப்பவருக்கும் இதைவிட வேறு வேண்டாம். ஆனால் பந்து தாழ்வாகவே போகும். பந்தின் வளைவு குறையும் மலைப்பகுதியில், அரைமனதோடு இழுத்த லூப் (பந்தை உரசி மேல்நோக்கி இழுக்கும் சுழற்சி அடி) வெளியே போவது இதனால்தான்.

இன்னர்போர்ஸ் 6.0 மில்லிமீற்றர். மேல்மரம் லிம்பா, கொஞ்சம் மென்மை. பந்து ஒரு நொடித்துளி கூடுதலாகத் தங்கி, உயர்ந்து வளையும். முழு வீச்சில் அடித்தால்தான் காபனின் உதை வரும். சோம்பலாக அடித்தால் வெறும் மரப்பிளேட் மாதிரிதான். புளொக்கில் விஸ்காரியாவின் கூர்மை இதில் கிடையாது. இருந்தாலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் லூப்பை நம்பி ஆடுபவருக்கு இதுவே சரி. கண்டி சுமார் 500 மீற்றர்தான். அங்கே காற்றை நினைத்துப் பயப்படத் தேவையில்லை, ஆட்டத்துக்கு ஏற்றதை எடுக்கலாம்.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலை வேளையில், பிளேட்டில் ஒட்டும் ரப்பரின் அடியிலுள்ள ஸ்பொஞ்ச் இறுகிப்போகும். கடின ஸ்பொஞ்ச் உள்ள சீன ரப்பரை விஸ்காரியாவில் ஒட்டினால், உடம்பு சூடேறும் வரை பலகையால் அடிப்பது போலிருக்கும். அந்த ரப்பர்தான் வேண்டுமென்றால் டிஎச்எஸ் என்ற சீன நிறுவனத்தின் ஹரிக்கேன் லோங் 5 பிளேட் பொருந்தும்: லிம்பா மேல்மரம், காபன் உள்ளே, நடுவில் அயூஸ் மரம். ஒட்டும் தன்மையுள்ள ரப்பருக்குத் தேவையான பிடிமானம் இதில் உண்டு. எடைதான் தொல்லை, 90 கிராம் தாண்டிய பிளேட்டும் கிடைக்கும். வெட்டிய ரப்பர் ஒவ்வொன்றும் 46 முதல் 52 கிராம் வரும். ஆக மொத்தம் 190ஐத் தாண்டினால் பேக்ஹேண்ட் தாமதமாகும். பாடசாலை மாணவருக்கு 83–86 கிராம் பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

காசு இறுக்கமென்றால் யின்ஹே போன்ற சீன நிறுவனங்களும் இதே ஆரிலேட்-காபன் அமைப்பில் பிளேட் செய்கின்றன. போலி விஸ்காரியாவைவிட அசல் யின்ஹே எவ்வளவோ மேல்.

ஒட்டும்போது மரத்தின் குணம் தெரியும். லிம்பா நார்நாராகப் பிளக்கும். ரப்பரை இழுத்து உரிக்கும்போது சிலும்பு கூடவே வரும். முதல் தடவை ஒட்டுமுன் நீர் வார்னிஷை ஒரே ஒரு மெல்லிய பூச்சாகப் பூசிக் காயவிடுங்கள். தடிப்பாகப் பூசினால் பிளேட் கடினமாகி, லிம்பா வாங்கியதன் பலனே போய்விடும். நீர்ப்பசை ஸ்பொஞ்சுக்கு இரண்டு பூச்சு, பிளேட்டுக்கு ஒன்று. வெள்ளை நிறம் முழுதாக மறைந்து கண்ணாடி போலான பிறகே ஒட்ட வேண்டும். மூடுபனி நாளில் இதற்கு வழமையைவிட அதிக நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் ஓரம் எழும்பும், நடுவில் குமிழ் நிற்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கக் கூடாது, மரம் வளையும்.

குளிர்ந்த மட்டையை ஆட்கள் நிறைந்த அரங்குக்குள் கொண்டுபோனால் ரப்பரில் ஈரம் படியும், பந்து வழுக்கும். உறையோடு கால் மணி நேரம் உள்ளே வைத்துவிட்டு, பருத்தித் துணியால் துடைத்து ஆடத் தொடங்குங்கள்.