அழகி, விபச்சாரி, பாலியல் தொழிலாளி: எந்தச் சொல் எங்கே சுடும்?

ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்த காலத்தில், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வரும் செய்திகளில் ஒரு ரெய்டு செய்தி அநேகமாக இருக்கும். ஒருநாள் வந்த போலீஸ் குறிப்பில், 2 பெண்கள் மீட்கப்பட்டுக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டதாக மட்டும்தான் இருந்தது. காலையில் அச்சில் பார்த்தால் "விபசார அழகிகள் 2 பேர் மீட்பு". மாற்றியது வேறு யாரும் இல்லை, நான்தான். தலைப்பில் இடம் இருந்தது, கை தானாகப் போனது. அந்தப் பெண்களை நான் பார்த்ததில்லை, படமும் வரவில்லை. அழகிகள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதே செய்தியில் அறைக்குள் பிடிபட்ட ஆள் "வாடிக்கையாளர்". மளிகைக் கடைக்கு வந்தவரைப் போல, மரியாதை விகுதியோடு.

இப்போது பிழைப்பு மொழிபெயர்ப்பில். பாலியல் தொழிலில் இருப்பவரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி அடிக்கடி மேஜைக்கு வருகிறது. கைவசம் இருக்கும் சொற்களுக்குக் குறைவில்லை. ஒன்றோடொன்று உரசிப் பார்த்தால்தான் எது எங்கே சுடும் என்று தெரிகிறது.

"விபச்சாரி"யிலிருந்து தொடங்கலாம். போலீஸ் குறிப்பு, பத்திரிகை, வீட்டுப் பேச்சு எல்லாவற்றிலும் இதுதான் புழக்கம். வடமொழியில் இதன் மூலச்சொல்லுக்கு நெறி பிறழ்தல், வழி தவறுதல் என்று பொருள். தர்க்க நூல்களில் ஒரு காரணம் அது நிறுவ வேண்டியதை விட்டு விலகி நின்றால் அதையும் இப்படித்தான் சொல்வார்கள். அங்கே பெண்ணும் இல்லை, பணமும் இல்லை. தமிழ் பைபிளின் பத்துக் கட்டளையில் "விபசாரம் செய்யாதிருப்பாயாக" என்பது ஆணுக்கும் சேர்த்துச் சொன்னது, திருமண உறவுக்குத் துரோகம் செய்யாதே என்று. பணத்துக்குத் தொழில் செய்யும் ராகாப்பை அதே பைபிள் "வேசி" என்கிறது. இரண்டும் இரண்டு விஷயம் என்று அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் எழுத்திலும் விபச்சாரம் என்றால் மணத்துக்கு வெளியே நடக்கும் உறவுதான். காசு கைமாற வேண்டும் என்பதில்லை.

நம் பத்திரிகைத் தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. காசு வாங்குபவள், துரோகம் செய்பவள் என்ற இரண்டு குற்றச்சாட்டும் ஒரே சொல்லில் அவள் தலையில் ஏறிவிட்டன. அவள் யாருக்குத் துரோகம் செய்தாள் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் மனைவியை விட்டுவிட்டு வந்தவர்தான் அந்த அறையில் வழி தவறியவர். ஆனால் "விபசாரக்காரன்" என்ற சொல் வேதப் புத்தகத்தைத் தாண்டித் தலைப்புக்கு வந்ததே இல்லை.

சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் முரண் இன்னும் பெரிது. 1956-ஆம் ஆண்டு விபச்சாரத் தடுப்புச் சட்டம்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது, 1986-இல் திருத்தப்பட்டது. வணிக நோக்கில் ஒருவரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவதும் துன்புறுத்துவதும்தான் விபச்சாரம் என்கிறது திருத்தப்பட்ட வரையறை. அதாவது சட்டத்தின் கண்ணில் அவர் சுரண்டப்படுபவர். விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, இன்னொருவரின் வருமானத்தில் வாழ்வது, பொது இடத்தில் ஆள் அழைப்பது ஆகியவை குற்றம். வயது வந்த ஒருவர் தன் அறையில் தனியாக, தன் விருப்பத்தில் செய்வதை அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. "விபச்சாரி கைது" என்று நாம் எழுதியபோதெல்லாம் சட்டமே சொல்லாத ஒரு தீர்ப்பை எழுதியிருக்கிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்கின் பெயரையும் காவல் பிரிவின் பெயரையும் குறிப்பிடும்போது "விபச்சாரம்" என்று எழுதாமல் தப்ப முடியாது. அது செயலின் பெயர், சட்டத்தின் பெயர். ஆளின் பெயராக "விபச்சாரி" என்று எழுத அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

அடுத்து, வேர் பார்த்து வாதாடுபவர்கள். "தேவரடியார் என்பது உயர்ந்த சொல்தானே, அதில் என்ன வசை?" என்று கேட்பவர் எந்த இலக்கியக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். வரலாறு அவர் பக்கம்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, ராஜராஜன் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிப் பெண்களை, எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, என்ன பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று வரிசையாகச் சொல்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். வாக்காளர் பட்டியல் கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. சோழர் காலத்தில் தேவரடியார்கள் தங்கள் பெயரிலேயே கோயிலுக்குக் கொடை கொடுத்திருக்கிறார்கள். அவர்களைப் பாலியல் தொழில் என்ற ஒற்றைச் சிமிழில் அடைப்பதே தவறு.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் அந்தச் சொல் இன்று தெருச்சண்டையில் எப்படி வந்து விழுகிறது என்பது வாசகருக்குத் தெரியும். இரண்டு ஆண்கள் பைக்கை உரசிக்கொண்டால், அவர்களில் ஒருவனின், அங்கே இல்லாத அம்மா அதற்குள் இழுக்கப்படுகிறாள். வசைக்கு வேர்ச்சொல் விளக்கம் மருந்தாகாது. "தாசி"யும் அப்படித்தான். அந்த மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் தன் நாவலின் தலைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்தார். அந்த முறையையே ஒழிக்கக் கிளம்பியவருக்கு அந்த உரிமை இருந்தது. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. அதற்குப் பிறகு அது வரலாற்றுச் சொல். அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது எழுதலாம். இன்று உயிரோடு இருக்கும் ஒருவர் மேல் ஒட்டக்கூடாது.

இலக்கியத்திலிருந்து "கணிகை", "பரத்தை" இரண்டையும் எடுத்துப் பயன்படுத்தலாமே என்றார் ஒரு பேராசிரியர். மாதவி கணிகைதான், அரங்கேறித் தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்ற கலைஞர். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் பரத்தையே பேசுகிறாள்: எங்கள் வீட்டில் வாய்நிறையப் பேசிய தலைவன், தன் வீட்டுக்குப் போனதும் கண்ணாடிக்குள் தெரியும் பாவை போல மனைவி கையைத் தூக்கினால் தானும் தூக்குகிறான் என்று. அந்தக் கிண்டலுக்கு ஈடாக இன்றைய செய்தி எதிலும் ஒரு பெண்ணின் குரலை நான் படித்ததில்லை. குறளின் "வரைவின் மகளிர்" அதிகாரத்தில் இதற்கு நேர்மாறு. பொருட்பெண்டிர், இருமனப் பெண்டிர், பண்பில் மகளிர் என்று பத்துக் குறளில் விதவிதமான பட்டங்கள். போகிற ஆணுக்கு அறிவுரை, இருக்கிற பெண்ணுக்குப் பிணத்தோடு ஒப்புமை. வள்ளுவரிடம் எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் மனத்தாங்கல் இது. எப்படியும் இந்தச் சொற்களை இன்றைய செய்திக்குள் கொண்டுவந்தால் வேஷம் கட்டியது போலத்தான் இருக்கும்.

"விலைமாது", "விலைமகள்" கொஞ்சம் ஏமாற்றும் சொற்கள். எழுத்தாளர்கள் இவற்றை நாசூக்கு என்று நினைத்துப் போடுகிறார்கள். மாது, மகள் என்ற இனிமை காதில் படுகிறது. முன்னால் நிற்கும் "விலை"யைக் கவனிப்பதில்லை. வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்ததால் வக்கீலை விலைக்கு வாங்கிவிட்டோம் என்று சொல்வதில்லை. இங்கே மட்டும் ஆளே சரக்காகிவிடுகிறார். விபச்சாரி என்ற சொல் அவரைத் திட்டுகிறது, விலைமகள் அவரை விற்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மோசம், திட்டுகிறோம் என்ற உணர்வு கூட இல்லாமல் திட்ட முடிகிறது என்பதால். "அழகி"யும் இதே ரகம். "ஐட்டம்", "கேஸ்" பற்றி எழுத ஒன்றுமில்லை.

இனி "பாலியல் தொழிலாளி". இது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு அது பிறந்த கதை தெரிந்தால் நல்லது. 1970-களின் கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மாநாடு. அந்தத் தொழிலில் இருந்த கரோல் லீ அங்கே போகிறார். அமர்வின் தலைப்பில் இந்தத் துறையைப் பெண்களைப் "பயன்படுத்தும்" துறை என்று போட்டிருக்கிறார்கள். பயன்படுத்துவது ஆண்கள் செய்வது, நாங்கள் செய்வது வேலை, அந்தப் பெயரைப் போடுங்கள் என்றார் அவர். இந்த வரிசையில் தொழிலில் இருந்தவரே உண்டாக்கிய சொல் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். 1997-இல் கொல்கத்தாவில் இந்தியப் பாலியல் தொழிலாளர்கள் மாநாடு கூட்டி உரிமை அறிக்கை வெளியிட்டபோதும் இதே பெயரில்தான் கூடினார்கள். கேரளத்தின் நளினி ஜமீலா 2005-இல் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்பில் தன்னை மலையாளத்தில் இப்படித்தான் அழைத்துக்கொண்டார்.

தமிழில் இதற்கு இன்னொரு வசதி. ஆண், பெண், திருநங்கை யாருக்கும் பொருந்தும். "தொழிலாளர்" என்றால் மரியாதையும் தானாக வந்துவிடும். "விபச்சாரி"க்கு மரியாதை விகுதி சேர்த்துப் பாருங்கள், வாயில் நிற்காது. மேலும் பெண்களே பேச்சில் "தொழில்" என்றுதான் சொல்கிறார்கள். "தொழிலுக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு" என்றால் எந்தத் தொழில் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஆனால் இந்தச் சொல்லை எல்லா இடத்திலும் போட முடியாது. 14 வயதுச் சிறுமியைக் "குழந்தைப் பாலியல் தொழிலாளி" என்று எழுதியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது தொழில் இல்லை, குற்றம். அவள் தொழிலாளி இல்லை, பாதிக்கப்பட்டவள். கடத்தி வந்து பூட்டி வைக்கப்பட்ட பெண்ணுக்கும் அப்படியே. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பாலினப் பாகுபாட்டுச் சொற்களைக் களைய ஒரு கையேடு வெளியிட்டது. பழைய இழிசொற்களுக்குப் பதில் பாலியல் தொழிலாளி என்று எழுதச் சொன்னது அது. ஆள்கடத்தலை எதிர்க்கும் அமைப்புகள் உடனே ஆட்சேபித்தன: கட்டாயப்படுத்தப்பட்டவரையும் தொழிலாளி என்பீர்களா என்று. சில மாதங்களில் நீதிமன்றம் அதை ஏற்று, கடத்தலில் மீண்டவர், பாலியல் சுரண்டலுக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட பெண் போன்ற சொற்களுக்கு இடம் கொடுத்தது. அந்த ஆட்சேபம் நியாயம்தான். அதையே நீட்டி, வயது வந்து, தன் முடிவில் இருப்பவரையும் "பாதிக்கப்பட்டவர்" என்று கட்டாயமாக அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் வாயிலிருந்து அவருடைய சொல்லைப் பிடுங்குவதில் திட்டுவதற்கு நிகரான ஒரு அதட்டல் இருக்கிறது.

சரியான சொல்லும் இடம் தெரியாமல் வந்தால் சுடும். எச்.ஐ.வி. விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மேடையிலிருந்து நல்ல எண்ணத்தோடு "பாலியல் தொழிலாளர் சகோதரிகளே" என்றார்கள். டீ இடைவேளையில் ஒரு அக்கா என்னிடம் வந்து, மேடையில் அப்படிச் சொல்வது சரிதான், வெளியே பார்த்தால் அக்கா என்று கூப்பிட்டால் போதும், பையன் படிக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதுவும் வேண்டாம் என்றார். அதே மூச்சில் பக்கத்திலிருந்த தோழியை மேலே நான் சொல்லக் கூசிய அந்தப் பழைய சொல்லால் செல்லமாகத் திட்டி டீயைக் கையில் கொடுத்தார். அவர்களுக்குள் அது விளையாட்டு. நான் சொன்னால் விளையாட்டாக இருந்திருக்காது.

ஆகவே நான் எழுத உட்காரும்போது முதலில் பார்ப்பது, அடையாளம் இந்தச் செய்திக்குத் தேவையா என்பதைத்தான். 1999-இல் கொல்கத்தாவில் ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்டார். 2011-இல் உச்ச நீதிமன்றம் கொலையாளியின் தண்டனையை உறுதி செய்ததோடு நில்லாமல், பாலியல் தொழிலாளர்களுக்கும் கண்ணியமாக வாழும் உரிமை உண்டு என்று அந்த வழக்கையே பொதுநல வழக்காக மாற்றியது. அது நீண்டு 2022 மே மாத உத்தரவில் வந்து நின்றது: போலீஸ் அவர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும், ஊடகங்கள் ரெய்டில் சிக்கியவர்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. அங்கே பாலியல் தொழிலாளி என்ற அடையாளம் இல்லாமல் வழக்கே இல்லை. ஆனால் பஸ் மோதி இறந்துபோன பெண்ணின் செய்தியில் அவர் என்ன தொழில் செய்தார் என்பது எதற்கு?

அந்தப் பழைய தலைப்பை இப்போது எழுதினால் "லாட்ஜ் நடத்தியவர் கைது, 2 பெண்கள் காப்பகத்தில்" என்று போடுவேன். "மீட்பு" என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். அவர்கள் அதை அப்படிச் சொல்வார்களா என்று அன்றைக்கு எங்கள் டெஸ்கில் யாரும் கேட்கவில்லை.