எடை குறைந்ததா, திறன் மிகுந்ததா: இரண்டு மடிக்கணினிகளுடன் நான்கு ஆண்டுகள்

2021 அக்டோபரில் நான் வாங்கிய கேமிங் மடிக்கணினியின் பெட்டியில் எடை 2.4 கிலோ என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் பையில் வைத்துத் தோளில் மாட்டிய முதல் நாளே கணக்கு உதைத்தது. அன்று மாலை, வீட்டில் சமையலறைத் தராசில் அடாப்டரை மட்டும் தனியே வைத்துப் பார்த்தேன். கம்பிகளோடு சேர்த்து 870 கிராம் இருந்தது. பெட்டியில் எழுதும் எடையில் அடாப்டர் சேர்வதில்லை என்பதும், இந்த வகைக் கணினியை அடாப்டர் இல்லாமல் வெளியே எடுத்துப்போவதில் பொருளில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தன.

நான் கோயம்புத்தூரில் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். விளையாட்டுக்காக அந்தக் கணினியை வாங்கவில்லை. வீடு கட்டுபவர்கள் இப்போது பிளானையும் எலிவேஷனையும் காகிதத்தில் பார்த்து நிறைவடைவதில்லை, வாசலிலிருந்து பூஜையறை வரை நடந்து பார்ப்பதுபோன்ற வாக்த்ரூ காணொளி வேண்டும் என்கிறார்கள். அதை உருவாக்கும் லூமியன் போன்ற மென்பொருளுக்குத் தனி கிராபிக்ஸ் சிப் இல்லாமல் முடியாது என்பதால், ரைசன் 7 5800ஹெச் செயலியும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸும் கொண்ட 15.6 அங்குலக் கணினியைத் தேர்ந்தெடுத்தேன். ஆறே மாதத்தில், 2022 மார்ச்சில், 1.4 கிலோ எடையுள்ள 14 அங்குல பிசினஸ் மடிக்கணினி ஒன்றையும் வாங்க வேண்டியதாயிற்று. அதில் இன்டெல் ஐ5 1135ஜி7 செயலியும் 16 ஜிபி ரேமும் உள்ளன. இரண்டின் நிறுவனப் பெயர்களையும் இங்கே எழுதவில்லை. பழுதுகளையும் சொல்லப்போகிறேன், அவை பெரும்பாலும் அந்தந்த வகைக்கே உரியவை.

இரண்டாவது கணினி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும். பொள்ளாச்சி சாலையில் ஒரு வீட்டு வேலை, மறுநாள் ஜன்னல், கதவுகளுக்கு மேலே வரும் லிண்டல் கான்கிரீட் போட வேண்டும். வீட்டுக்காரர் சமையலறை ஜன்னலை இரண்டடி கிழக்கே தள்ள முடியுமா என்று கேட்டார். அடுக்கிவைத்திருந்த சிமென்ட் மூட்டைகளின்மீது கணினியைத் திறந்து ரெவிட் மென்பொருளில் செய்த முப்பரிமாண மாதிரியைச் சுழற்றிக் காட்டத் தொடங்கியதும் விசிறிகள் இரண்டும் முழு வேகத்தில் இரைந்தன. பக்கத்தில் நின்ற மேஸ்திரி, "ஏனுங்க சார், உள்ள மோட்டார் எதுனா ஓடுதுங்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். இருபத்தைந்து நிமிடத்தில் பேட்டரி 70 விழுக்காட்டிலிருந்து 40 ஆக இறங்கியது. அந்த வீட்டில் அப்போது தற்காலிக மின் இணைப்பில் ஒரே ஒரு பிளக்தான் இருந்தது, அதில் கியூரிங் தண்ணீருக்கான மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

இதில் கணினியின் குற்றம் எதுவும் இல்லை, எளிய கணக்குத்தான். விமானப் பயணத்தில் முன் அனுமதி இல்லாமல் கையோடு கொண்டுசெல்லக்கூடிய பேட்டரியின் வரம்பு 100 வாட்-மணி என்பதால், எவ்வளவு பெரிய மடிக்கணினியானாலும் அதன் பேட்டரி அந்த அளவுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. என்னுடையது 80 வாட்-மணி. ரெண்டர், அதாவது மாதிரியிலிருந்து காணொளியை உருவாக்கும் வேலை, ஓடும்போது இந்தக் கணினி சுவரிலிருந்து ஏறத்தாழ 150 வாட் இழுக்கிறது, அப்படியே பேட்டரியிலிருந்தும் இழுத்தால் முழு சார்ஜும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் பிளக்கைப் பிடுங்கிய கணமே கணினி தன் கிராபிக்ஸ் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. கடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் திறன் உண்மையில் சுவரில் உள்ள பிளக்கோடு சேர்ந்த திறன். இதை எனக்கு எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சிறிய கணினி வந்தபின் சைட் வேலையும் சென்னைப் பயணமும் எளிதாயின. 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்றே கைப்பேசிக்கும் கணினிக்கும் போதுமானதாக இருக்கிறது. காலையில் கோவையில் ரயிலேறி சென்னையில் இறங்கும்வரை வரைபடத் திருத்தமும் எஸ்டிமேட்டும் செய்துவிட்டு, மதியச் சந்திப்புக்கும் சார்ஜ் மிச்சம் வைத்திருக்க முடிந்தது. புதிதில் ஏழு மணி நேரம் நின்றது, இப்போது ஐந்து மணி நேரம் நிற்கிறது. பலரும் எதிர்பார்க்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: ஆட்டோகேடில் பிளான் வரையும்போது இரண்டு கணினிகளுக்கும் இடையே எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆட்டோகேட் பெரும்பாலான வேலைகளில் செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் கோர்களில் ஒன்றே ஒன்றைத்தான் நம்பியிருக்கிறது. எட்டு கோர் இருந்தாலும் ஏழு சும்மா இருக்கும். வரைபடம் மட்டுமே வேலை என்பவர் கேமிங் கணினிக்குச் செலவிடும் கூடுதல் தொகை வீண்தான்.

ஆனால் சிறிய கணினி என்னைக் கைவிட்ட இடங்களும் உண்டு. அதன் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது என்பதை வாங்கும்போது கவனிக்கவில்லை. நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் ரெவிட் கோப்பைத் திறந்து, கூடவே பிரௌசரில் பத்து டேப் வைத்திருந்தால், 16 ஜிபி போதாமல் ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இனி அதற்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கேமிங் கணினியிலோ இரண்டு ரேம் ஸ்லாட்டுகள் இருந்தன. அடிமூடியைக் கழற்றி நானே பதினைந்து நிமிடத்தில் 32 ஜிபி ஆக்கினேன், இரண்டாவது எஸ்எஸ்டியும் பொருத்தினேன். இன்னொரு சிறு விஷயம், எங்கள் தொழிலில் சிறிதல்ல: 14 அங்குலக் கணினியில் வலப்பக்க எண் விசைகள் இல்லை. நாள் முழுதும் 9 அங்குலம், 4.5 அங்குலம் என்று அளவுகளைத் தட்டிக்கொண்டிருப்பவனுக்கு அது இல்லாதது ஒரு கை குறைந்ததுபோல் இருந்தது. கடைசியில் யுஎஸ்பியில் செருகும் எண் பலகை ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ரெண்டர் விஷயத்தில் ஒப்பீடே கிடையாது. ஒரு நிமிட வாக்த்ரூவைக் கேமிங் கணினி இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிறது, சிறிய கணினியில் அந்த மென்பொருள் காட்சியை ஏற்றவே திணறுகிறது. நள்ளிரவில் மின்சாரம் போனபோது இன்னொரு நன்மையும் தெரிந்தது. வேகம் குறைந்தாலும் ரெண்டர் நிற்கவில்லை. இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேர இடைவெளியில் யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி அணைந்திருக்கும்.

இனிப் பழுதுகள். பதினான்கு மாதம் கழிந்தபோது கேமிங் கணினியின் செயலி வெப்பம் 95 டிகிரியைத் தொட்டு, ரெண்டர் நேரமும் கூடியது. திறந்து பார்த்தால் வெப்பம் வெளியேறும் செம்புத் தகடுகளின் இடுக்கில் தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. சிமென்ட் தூளும் ஈரக்காற்றும் சேர்ந்து அதைக் கெட்டியாக்கியிருந்தன. அடியிலிருந்து காற்றை உறிஞ்சும் கணினியைச் சிமென்ட் மூட்டைமேல் வைத்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்? தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை (செயலியின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றியபின் 82 டிகிரிக்கு இறங்கியது. அன்றுமுதல் அது சைட்டுக்குப் போவதில்லை.

அடுத்தது இன்னும் கவலை தருவது. 2024 ஏப்ரலில் டச்பேடின் இடது கீழ்மூலை அழுந்தாமல் போயிற்று. டச்பேட் பழுது என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கிரானைட் மேடையில் வைத்தபோது கணினி ஒரு காலில் ஆடியது. மூடியைக் கழற்றினால் கைவைக்கும் பகுதிக்கு அடியிலிருந்த பேட்டரியின் இரண்டு செல்கள் பூரிபோல் உப்பியிருந்தன. இரண்டரை ஆண்டில் பெரும்பாலான நேரம் 100 விழுக்காடு சார்ஜில், பிளக்கிலேயே, சூட்டிலேயே இருந்தது. லித்தியம் பேட்டரி விரைவில் கெடுவதற்கு இவற்றைவிடச் சிறந்த சூழல் இல்லை. 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி அந்தக் கணினியின் அமைப்புகளிலேயே இருந்திருக்கிறது, நான்தான் திறந்து பார்க்கவில்லை. புதிய பேட்டரி போட்ட அன்றே அதை இயக்கிவிட்டேன். எப்போதும் பிளக்கில் இருக்கும் கணினி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்ததும் அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

பழுதுபார்ப்பில்தான் இரண்டு வகைகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு எனக்குப் புலப்பட்டது. சிறிய கணினியில் ஒரு விசை வேலை செய்யாதபோது, மூன்றாண்டு ஆன்சைட் வாரண்டி இருந்ததால், மறுநாளே ஒருவர் கீபோர்டோடு அலுவலகத்துக்கு வந்து முக்கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டுப் போனார். கேமிங் கணினியின் ஹெச்டிஎம்ஐ முனை தளர்ந்தபோது நானே சுமந்துகொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன், திரும்பிவர பதினேழு நாள் ஆயிற்று. தொழிலுக்கு வாங்குபவர்கள் விலைப்பட்டியலில் ரேமுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இந்த வாரண்டி வகையைத்தான். பில்லில் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்க்க மறக்கவும் வேண்டாம், 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம்.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமிங் கணினியின் திரை நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் என்று பெருமையாக எழுதியிருந்தது. கட்டட வரைபடம் நகர்வதில்லை, எனக்கு அதனால் என்ன பயன்? அந்தத் திரை, திரைகளுக்கான பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபி வண்ணப் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத்தான் காட்டும் என்பது எழுத்தில் சிறியதாக இருந்தது. வாடிக்கையாளர் ஒருவரிடம் தேக்கு வெனீர் என்று காட்டிய கதவு அந்தத் திரையில் வெளுத்த வேம்புபோலத் தெரிந்தது. அவர் அந்த வெளுத்த நிறமே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்! உண்மையான பலகையைக் காட்டியபோது நடந்த பேச்சை விட்டுவிடுகிறேன். இப்போது வண்ணம் காட்டுவதென்றால் தனி மானிட்டரில் மட்டுமே காட்டுகிறேன்.

கிராபிக்ஸ் சிப்பின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது இன்னொரு பொறி. மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 3060, தயாரிப்பாளரின் விருப்பத்துக்கேற்ப 60 வாட் முதல் 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் இயங்கலாம். 4060இல் இந்த இடைவெளி 35 முதல் 115 வரை விரிந்துவிட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் மெல்லிய உடலில் அடைத்த சிப்பும் தடித்த உடலில் உள்ள சிப்பும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மேசைக் கணினிக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060 இன்னும் வேறு: 170 வாட், பெரும்பாலான கார்டுகளில் 12 ஜிபி நினைவகம். என் மடிக்கணினியில் இருப்பது 6 ஜிபி. தோட்டத்தில் மரங்களைக் கூடுதலாக நட்டால் லூமியன் நினைவகம் போதவில்லை என்று எச்சரிப்பது அதனால்தான்.

யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டால், வாரத்தில் எத்தனை மணி நேரம் ரெண்டர் ஓடுகிறது, அப்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். எப்போதும் ஒரே மேசையில் என்றால் மடிக்கணினியே வேண்டாம். விடுதிக்கும் வீட்டுக்கும் இடையே மாதம் ஒருமுறை தூக்கிச்செல்லும் கட்டடக்கலை மாணவருக்குக் கேமிங் கணினி பொருந்தும், ஏனெனில் இரண்டு முனையிலும் பிளக் இருக்கிறது. ரெண்டரே இல்லாத வேலைக்கு சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய பிசினஸ் கணினியே போதும். பெருநிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகள் அங்கே நல்ல நிலையில் வருகின்றன. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம், விண்டோஸ் 11 அதற்கு முந்தையவற்றை ஏற்பதில்லை, விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது.

நான் அடுத்து வாங்கப்போவது மேசைக் கணினியும் அதற்கொரு யுபிஎஸ்ஸும். சிறிய கணினியை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டலாம் என்று நினைக்கிறேன். கேமிங் கணினி இப்போது எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் மேசையில், மானிட்டரும் கீபோர்டும் இணைத்து, மூடி பாதி திறந்தபடி இருக்கிறது. அதன் 870 கிராம் அடாப்டரை மேசைக் காலோடு கேபிள் டையால் கட்டி ஒன்றரை ஆண்டு ஆகிறது, அவிழ்க்க வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.