போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து 14: ஒன்றரை வருட அனுபவம்

நெல்லை டவுனில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு பில்லிங், ஸ்டாக் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். மாடிப்படிக்குக் கீழே உபுண்டு 18.04 என்ற இயங்குதளம் ஓடும் ஒரு சர்வர், அதில் டேட்டாபேஸ் மென்பொருளாக போஸ்ட்கிரெஸ் 10. இரண்டுக்கும் சப்போர்ட் முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்ததும் உபுண்டுவை 22.04க்கு ஏற்றிவிட்டு, போஸ்ட்கிரெஸ் 14க்குப் போக பிஜி_அப்கிரேட் என்ற கருவியை ஓட்டினேன்.

பாதியில் நின்றது. ஏதோ லைப்ரரி இல்லையாம். அது எழுதிவைத்த கோப்பைத் திறந்தால் பிஎல்பைத்தான்2, அதாவது டேட்டாபேஸுக்குள் பைத்தான் 2 மொழியில் எழுத உதவும் இணைப்பு. எந்தக் காலத்திலோ போட்டு, யாரும் தொடாமல் கிடந்தது. பழைய டேட்டாபேஸிலிருந்து தூக்கிவிட்டு மறுபடி ஓட்டியதும் சரியானது. முன்கூட்டியே செக் ஆப்ஷனோடு ஓட்டியிருந்தால் அப்போதே சொல்லியிருக்கும், சோம்பல். மறுநாள் ரிப்போர்ட்டெல்லாம் நத்தையாக நகர்ந்தது. வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் புள்ளிவிவரங்கள் இந்த அப்கிரேடில் கூடவே வராது என்பது நினைவுக்கு வந்து, அவற்றைப் புதிதாகச் சேர்க்கும் அனலைஸ் ஓட்டியதும் பழைய வேகம் வந்துவிட்டது.

இதெல்லாம் கத்திச் சொன்ன பிழைகள். சத்தமில்லாமல் வந்தது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

"சிட்டையில துவரம்பருப்பு நாப்பது மூடை கெடக்கு, உன் பெட்டியில பன்னெண்டுதான் காட்டுது. என்னடே கணக்கு இது?" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பருப்பின் சரக்குக் குறியீடு, அதாவது கோடு, 1-1. இண்டெக்ஸ் (விரைவாகத் தேட வரிசையாக அடுக்கிவைத்த பட்டியல்) வழியாகத் தேடுவதை அணைத்துவிட்டு, எல்லா வரியிலும் நேரடியாகத் தேடினேன். ஒரே கோடில் இரண்டு வரி! ஒன்றில் 28, இன்னொன்றில் 12. யுனிக், அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்று போட்ட பத்தியில் இது எப்படி நுழைந்தது?

காரணம் போஸ்ட்கிரெஸ் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் ஜிலிப்சி (glibc) என்ற லினக்ஸ் அடிப்படை லைப்ரரி. அதன் 2.28 பதிப்பில் அகரவரிசை விதி மாறிவிட்டது. முன்பு 11 வந்து அப்புறம் 1-1 வரும். இப்போது 1-1தான் முதலில். உபுண்டு 18.04இல் இருந்தது 2.27, 22.04இல் 2.35. பிஜி_அப்கிரேட் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டாது, பழையதை அப்படியே கொண்டுவரும். பழைய வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸில் புது விதிப்படி தேடினால் இருக்கிற சரக்கே இல்லை என்று வரும். கவுண்டர் பையன் புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறான். யுனிக் சோதனையும் அதே இண்டெக்ஸைத்தானே கேட்கும்! இடைக்கோடு உள்ள சில கோடுகளில் மட்டும் இந்தக் கூத்து.

ரீஇண்டெக்ஸ் ஓட்டினால் இரட்டைப் பதிவு இருக்கிறது என்று மறுத்தது. ஒவ்வொன்றாக ஸ்டாக்கை இணைத்து, கூடுதல் வரியை நீக்கிய பிறகே முடிந்தது. அதிலும் ஒரு லாபம்: போஸ்ட்கிரெஸ் 13இல் வந்த இண்டெக்ஸ் சுருக்கம் புதிதாகக் கட்டினால்தான் முழுதாகக் கிடைக்கும், சில இண்டெக்ஸ்கள் நன்றாகவே இளைத்துவிட்டன.

கோடு இருக்கும் பத்தியை சி கொலேஷன் என்ற வரிசை முறைக்கு மாற்றிவிட்டேன். எழுத்துகளின் பைட் எண் வரிசை என்பதால் ஜிலிப்சி மாறினாலும் அசையாது. வாடிக்கையாளர் பெயருக்கு அது ஒத்துவராது, யூனிகோடு எண் வரிசையில் ற, ல-வுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது.

அதன்பின் ஒன்றரை வருடமாக 14 ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. அதற்கு சப்போர்ட் 2026 நவம்பர் வரைதான். அடுத்த முறை டேட்டா முழுவதையும் டம்ப்பாக வெளியே எடுத்து, புதிதில் ரீஸ்டோர் செய்வதுதான், விடிய விடிய ஓடினாலும் பரவாயில்லை. சிட்டை எழுதுவதை விட்டுவிடுங்கள் என்று அண்ணாச்சியிடம் முன்பெல்லாம் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.